கின்னௌருக்கு முதல் தடவை போறவங்களுக்கு: பஸ்லயே, மெதுவா, ஒரு பத்து நாள்ல

ஹிமாச்சல் ட்ரிப்னு சொன்னாலே முக்கால்வாசி பேர் மணாலி, அத விட்டா ஸ்பிதி. சிம்லா வழியா ஸ்பிதி போறவங்க எல்லாரும் கின்னௌர் மாவட்டத்த தாண்டி தான் போயாகணும், ஆனா கல்பால ஒரு நைட்டு, சித்குல்ல ஒரு போட்டோ, அவ்வளவு தான், மறுநாள் விடிஞ்சதும் வண்டிய எடுத்துட்டு ஸ்பிதில இருக்கற காஸா பக்கம் கெளம்பிடறாங்க. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன், நாலு நாள்ல மொத்தத்தையும் முடிக்கணும்னு ஓடி, உயரத்துல இருக்கற நாக்கோ கிராமத்துல மண்டை வலில நைட்டு முழுக்க தூங்காம கெடந்து, கண்ணுல ஒண்ணும் நிக்காம திரும்பி வந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவை பஸ்ல மட்டும் போய் நிதானமா இருந்து பாத்தப்ப தான் இது வழில தாண்டிப் போற ஊர் இல்ல, இதுக்காகவே கெளம்பி வரணும்னு புரிஞ்சுது. அதனால இத எழுதறேன். பத்து நாள் லீவு கெடைக்குதா, மொத்தத்தையும் கின்னௌருக்கே குடுங்க.

முதல்ல ஊர் எங்க இருக்குன்னு மனசுல ஏத்திக்கோங்க

ஹிமாச்சலோட கிழக்கு ஓரம், அந்தப் பக்கம் திபெத். திபெத்ல இருந்து சட்லெஜ் நதி ஷிப்கி லா பக்கமா உள்ள நுழைஞ்சு மாவட்டத்த ரெண்டா அறுத்துக்கிட்டு கீழ ஓடுது, நேஷனல் ஹைவே 5 அந்த நதிய ஒட்டியே மேல ஏறுது. மாவட்டத் தலைநகர் ரெக்காங் பியோ, எல்லாரும் 'பியோ'னு தான் சொல்லுவாங்க, பஸ் போர்டுலயும் பெரும்பாலும் அதான். பியோ சுமார் 2,290 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஊட்டி உயரம். அங்க இருந்து தான் மத்ததெல்லாம் மேல ஏறும். 1960 மே 1 வரைக்கும் இது தனி மாவட்டமே கிடையாது, மஹாசு மாவட்டத்துல சீனி தாலுகாவா இருந்துச்சு. சீனிங்கறது கல்பாவோட பழைய பேரு. 2011 சென்சஸ்ல மொத்த மாவட்டத்துக்கும் 84,121 பேர் தான், பரப்பளவோ 6,401 சதுர கிலோமீட்டர், அப்ப எவ்வளவு காலியா இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு முக்கியம். கீழ் கின்னௌர் வேற, மேல் கின்னௌர் வேற. நிச்சார், சாங்லா, கல்பா பக்கம் எல்லாம் தேவதாரு காடு, ஆப்பிள் தோட்டம், மழையும் உண்டு. 'பூ'ங்கற ஊர தாண்டி மேல போகப் போக மழை மேகம் எட்டாது, மலை மொட்டையா பழுப்பா இருக்கும், வீட்டு மேல மண் கூரை, கோவிலுக்குப் பதிலா கோம்பா, அதாவது புத்த மடம், கொடி. ரெண்டு வேற நாட்டுக்குப் போன மாதிரி இருக்கும், நடுவுல ஒரு நாள் பஸ் தான்.

எப்ப போறதுன்னா

செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் நடு வரைக்கும், என்னைக் கேட்டா வேற பேச்சே வேணாம். வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், ஆப்பிள் மரத்துல தொங்கும், சில்கோஸாங்கற பைன் விதைக் காய இறக்குவாங்க. ரெண்டாவது ஏப்ரல் கடைசில இருந்து ஜூன் வரைக்கும், ஏப்ரல்ல ஆப்பிளும் பாதாமி, அதாவது ஏப்ரிகாட் மரமும் பூத்திருக்கும்.

ஜூலை ஆகஸ்ட்ல போகாதீங்க. இத கெஞ்சிக் கேக்கறேன். 2021 ஜூலை 25ம் தேதி சாங்லா பள்ளத்தாக்குல பட்சேரி கிட்ட மலை மேல இருந்து பாறை உருண்டு வந்து ஒரு டெம்போ டிராவலர் மேல விழுந்து சுற்றுலா வந்தவங்க 9 பேர் செத்துப் போனாங்க, ரெண்டரை வாரம் கழிச்சு ஆகஸ்ட் 11ம் தேதி நிகுல்சாரில மலையே சரிஞ்சு அரசு பஸ்ஸும் வேற வண்டிகளும் மண்ணுக்குள்ள போய் 28 பேர் போயிட்டாங்க. லீவு அப்ப தான் கெடைக்குதுன்னா வேற ஊர் பாத்துக்கோங்க. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பனி, கல்பா வரைக்கும் சமாளிக்கலாம், சித்குல் பெரும்பாலும் மூடின மாதிரி தான், முதல் தடவைக்கு வேண்டாம்.

போய் சேர்றது

டெல்லியோ சண்டிகரோ வந்துருங்க, அதுக்கு மேல அரசு பஸ், அதாவது எச்ஆர்டிசி. சண்டிகர்ல இருந்து பியோவுக்கு நேரடியா நைட் பஸ் இருக்கு, டெல்லி காஷ்மீரி கேட்ல இருந்தும் இருக்கு, ஆன்லைன்ல சீட்டு போட்டுக்கலாம். ஆனா நேரா போகாதீங்கன்னு தான் சொல்லுவேன். கால்கால இருந்து சிம்லாவுக்கு அந்த சின்ன ரயில்ல போங்க, 96 கிலோமீட்டர், 1903ல ஓட ஆரம்பிச்சது, இப்ப யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, அஞ்சாறு மணி நேரம் ஆகும், ஆகட்டும். சிம்லால ஒரு நைட்டு தங்கினா உடம்பு 2,200 மீட்டருக்குப் பழகிக்கும். மறுநாள் காலைல டூட்டிகண்டி பஸ் ஸ்டாண்டுல இருந்து கெளம்பி சராஹன்ல நிறுத்துங்க, அது இன்னும் சிம்லா மாவட்டம் தான், ஆனா அங்க இருக்கற பீமகாளி கோவில பாக்காம போனா கின்னௌர் கட்டடங்க எப்படி கட்டறாங்கன்னே புரியாது. ஒரு வரிசை கல்லு, ஒரு வரிசை தேவதாரு மரக்கட்டை, மறுபடி கல்லு, இப்படியே அடுக்கிக்கிட்டு மேல போவாங்க, சிமெண்ட் கிடையாது, நிலநடுக்கம் வந்தா கொஞ்சம் அசைஞ்சு குடுத்து நிக்கும்.

பஸ்ல எந்தப் பக்கம் உக்காரறதுன்னு கேப்பீங்க. மேல போறப்ப ஜன்னல் ஓரம் எது கெடைச்சாலும் சரி, ஏன்னா நதி பாலம் மாறி மாறி ரெண்டு பக்கமும் வரும். தரண்டா கிட்ட ரோடு பாறைய குடைஞ்சு போட்டிருக்கும், தலைக்கு மேல பாறை கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ஒரு பக்கம் சட்லெஜ் அவ்வளவு கீழ. அங்க தரண்டா தேவி கோவில்ல எல்லா வண்டியும் நிக்கும். எங்க பஸ்ஸும் நின்னுச்சு, டிரைவர் செருப்ப கழட்டிட்டு இறங்கிப் போய் கும்பிட்டு வந்து, கை நெறைய பொரியும் சர்க்கரையும் கொண்டு வந்து முன் சீட்டுல இருந்து பின்னாடி வரைக்கும் குடுத்து அனுப்பினார், ஒருத்தர் கூட வேணாம்னு சொல்லல, பேசிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் ஒரு நிமிஷம் அமைதியாயிட்டாங்க. அந்த ரோட்ட தினம் ஓட்டறவங்களுக்கு அது என்னன்னு அப்ப தான் எனக்கு ஒரைச்சுது.

வழில நாத்பா அணை, வாங்டு, கர்ச்சம் எல்லாம் வரும். நாத்பா ஜாக்ரி 1,500 மெகாவாட், நதித் தண்ணிய 27 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள்ள விட்டு கீழ ஜாக்ரில கரண்ட் எடுக்கறாங்க. அதுக்கு மேல கர்ச்சம் வாங்டு, பாஸ்பா நதில இன்னொண்ணு. பெரிய நதி ஒண்ணு சில இடத்துல வாய்க்கால் மாதிரி தெரியறதுக்குக் காரணம் இது தான். மலைய குடைஞ்சதால தான் சரிவு அதிகமாச்சு, ஊத்து வத்திப் போச்சுன்னு ஊர்க்காரங்க சொல்லுவாங்க, 2021ல ஜங்கி தோபன் போவாரி திட்டத்துக்கு எதிரா பசங்க எல்லாம் சேந்து 'நோ மீன்ஸ் நோ'னு இயக்கமே நடத்தினாங்க. டீக்கடைல உக்காந்தா இந்தப் பேச்சு வரும், காது குடுத்துக் கேளுங்க, நம்ம கருத்து சொல்ல அவசரப்பட வேணாம்.

முதல்ல சாங்லா, அப்புறம் தான் கல்பா

இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட வரிசை. கர்ச்சம்ல பாஸ்பா நதி சட்லெஜ்ல சேருது, அங்க இருந்து வலது பக்கம் பிரியற ரோட்டுல போனா சாங்லா. சுமார் 2,700 மீட்டர், ரெண்டு நைட்டு இருங்க. முதல் நாள் ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நடங்க, தண்ணி குடிங்க. ரெண்டாம் நாள் காம்ரு ஏறுங்க, சாங்லால இருந்து நடை தூரம் தான், படி படியா ஊருக்குள்ள புகுந்து போகும், உச்சில மரக் கோட்டை. இந்தப் பக்கத்த ஆண்ட புஷஹர் ராஜாக்களுக்கு அங்க தான் முடி சூட்டினாங்கன்னு சொல்லுவாங்க. உள்ள போகறதுக்கு தலைல கின்னௌரி தொப்பி, இடுப்புல துணிக் கச்சை ரெண்டும் கட்டிக்கணும், வாசல்லயே குடுப்பாங்க. யாராவது கட்டி விட்டா நிமிர்ந்து நின்னு கட்டிக்கோங்க, போட்டோவுக்கு வேஷம் போடற மாதிரி நடந்துக்காதீங்க, அது அவங்க தேவிக்குக் குடுக்கற மரியாதை.

மூணாம் நாள் சித்குல், 3,450 மீட்டர். வழில ரக்சம் கிராமம், செப்டம்பர்ல போனா ஓக்லா வயல் எல்லாம் ரோஸ் கலர்ல பூத்திருக்கும், ஓக்லான்னா ஒரு வகை கோதுமை மாதிரி தானியம், ஆனா கோதுமை குடும்பமே கெடையாது, அத அரைச்சு தோசை மாதிரி சுடுவாங்க. சித்குல்ல நிறைய பேர் 'இந்தியாவோட கடைசி டாபா'ங்கற போர்டு முன்னாடி நின்னு படம் எடுத்துட்டு அரை மணில திரும்பிடுவாங்க. நீங்க ஒரு நைட்டு தங்குங்க. சாயங்காலம் டூரிஸ்ட் வண்டி எல்லாம் போனதுக்கப்புறம் மாத்தி தேவி கோவில் பக்கம் போய், அப்படியே நதிக்கு இறங்குங்க, பாஸ்பா அங்க அகலமா கூழாங்கல்லு மேல ஓடும், ஆறு சத்தமும் மாட்டு மணியும் தவிர வேற சத்தம் இருக்காது. கொஞ்ச தூரத்துல எல்லைப் போலீஸ் முகாம் இருக்கு, அதுக்கு மேல நம்மள விட மாட்டாங்க, வாதாடாதீங்க.

கல்பா

சாங்லால இருந்து பியோவுக்கு பஸ், பியோல இருந்து கல்பாவுக்கு ஏழெட்டு கிலோமீட்டர், அடிக்கடி பஸ் இருக்கு, ஷேர் ஜீப்பும் இருக்கு. இங்க குறைஞ்சது மூணு நைட்டு. உயரம் 2,960 மீட்டர், உடம்பு அதுக்குள்ள பழகியிருக்கும்.

எதிர்ல கின்னர் கைலாஷ். இங்க ஒரு விஷயம் தெளிவாக்கிக்கோங்க, எதிர்ல பெருசா வெள்ளையா தெரியற உயரமான சிகரம் ஜோர்கண்டேன், 6,473 மீட்டர், பாதி பேர் அத தான் கைலாஷ்னு காட்டுவாங்க. கைலாஷ் 6,050 மீட்டர், அந்த மலை முகட்டுல தனியா குத்துக்கல்லா ஒண்ணு நிக்கும், அதான் சிவலிங்கம், சுமார் 79 அடின்னு சொல்றாங்க. வெறும் கண்ணுக்குச் சின்னக் குச்சி மாதிரி தான் தெரியும், பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா ஹோம்ஸ்டேகாரங்க கிட்ட கேளுங்க, கையப் புடிச்சு காட்டுவாங்க. காலைல சூரியன் அந்த மலைக்குப் பின்னாடி இருந்து வரும், அதனால மலை கருப்பா தான் இருக்கும், விளிம்பு மட்டும் எரியும். முழு மலையும் செவக்கறது சாயங்காலம். ரெண்டையும் பாக்கணும்.

கல்பா ஊருக்குள்ள நாராயண் நாகினி கோவிலும் பக்கத்துலயே புத்த கோவிலும் இருக்கு. ஒரே வீட்டுக்காரங்க ரெண்டுக்கும் போவாங்க, கல்யாணத்துக்கு லாமாவும் வருவாரு, ஊர் சாமியான தேவதாவும் வரும். இந்தக் கல்பாவுல தான் ஷியாம் சரண் நேகி இருந்தாரு, ஸ்கூல் வாத்தியார், நாட்டோட முதல் பொதுத் தேர்தல்ல பனி விழறதுக்கு முன்னாடியே இங்க ஓட்டு வச்சதால 1951 அக்டோபர் 25ம் தேதி முதல் ஆளா ஓட்டு போட்டவர். அதுக்கப்புறம் ஒரு தேர்தலையும் விடல. 2022 நவம்பர் 2ம் தேதி வீட்டுல இருந்தே தபால் ஓட்டு போட்டுட்டு, மூணு நாள்ல நவம்பர் 5ம் தேதி போயிட்டாரு, நூறு வயசு தாண்டியிருந்துச்சு. ஊர்ல யார் கிட்ட அவரப் பத்தி கேட்டாலும் மொகம் மலரும்.

ஒரு நாள் ரோகி வரைக்கும் நடங்க, அஞ்சாறு கிலோமீட்டர், ரோடு பாறை விளிம்புல போகும், கீழ பாக்கறப்ப வயித்த கலக்கும், ஆனா வண்டி குறைவு. இன்னொரு நாள் கீழ கோட்டி கிராமம், சண்டிகா தேவி கோவில்.

சில்கோஸா பத்தி கொஞ்சம் நிறுத்தி சொல்லணும். நம்ம ஊர் கடைல கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல விக்கற அந்த நீட்டு பைன் விதை, இந்தியாவுல பெரும்பாலும் கின்னௌர் காட்டுல இருந்து தான் வருது. அக்டோபர்ல நான் தங்கின வீட்டு முத்தத்துல பச்சைக் காய குவிச்சு போட்டிருந்தாங்க, ஒவ்வொண்ணும் அன்னாசிப் பழத்துல சின்ன சைஸ் மாதிரி, செதில் செதிலா. ஒண்ண எடுத்துப் பாத்தேன், பிசின் கைல ஒட்டிக்கிச்சு, சோப்பு போட்டும் போகல, அந்த வீட்டுப் பாட்டி கடுகெண்ணெய் கொண்டு வந்து தேச்சு விட்டாங்க. வெயில்ல கெடந்து செதில் விரிஞ்ச காய எடுத்து தரைல ரெண்டு தட்டு தட்டினாங்க, ஒவ்வொரு செதிலுக்கு அடில இருந்தும் ஜோடி ஜோடியா விதை உதிர்ந்துச்சு. ஒண்ண பல்லுல கடிச்சு தோல உரிச்சு "கா லோ பேட்டா", சாப்பிடு கண்ணுன்னு என் உள்ளங்கைல வச்சாங்க, பச்சையா சாப்பிட்டா பால் மாதிரி இனிக்குது, வறுத்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மரம் ஏறி இறக்கறப்ப விழுந்து கை கால் போனவங்க ஊருக்கு ஊர் இருக்காங்களாம். இருக்கற காய எல்லாம் இறக்கிடறதால புது மரம் முளைக்கறது ரொம்ப குறைஞ்சு போச்சுன்னும் அவங்களே கவலைப்பட்டாங்க. வாங்கறதா இருந்தா அங்க வீட்டுலயே வாங்குங்க, காசு நேரா அவங்க கைக்குப் போகும். விருந்தாளிக்கு மாலையா கோத்து போடற அளவுக்கு அவங்களுக்கு அது பெரிய விஷயம்.

மேல் கின்னௌர்: கானம், நாக்கோ

பியோல இருந்து காலைல காஸா போற பஸ் இருக்கு, அதுல தான் நாக்கோ போகணும், முதல் நாள் சாயங்காலமே ஸ்டாண்டுல நேரம் கேட்டு வச்சுக்கோங்க, காலைல சீக்கிரம் போய் சீட்டுப் புடிங்க. நேரம் இருந்தா நடுவுல கானம் கிராமத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்க. யாருமே போறதில்ல. ஹங்கேரி நாட்டுல இருந்து பெரும்பாலும் நடந்தே ஆசியாவுக்கு வந்த சோமா த கொரோஸ்னு ஒரு அறிஞர் 1827ல இருந்து 1830 வரைக்கும் இந்தக் கிராமத்துல ஒரு சின்ன அறைல குளிருல உக்காந்து திபெத்திய மொழிக்கு அகராதி எழுதினாரு, 1834ல கல்கத்தால அச்சாச்சு. இந்தச் சந்துல நிக்கறப்ப அத நெனச்சுப் பாருங்க.

காப்ல ஸ்பிதி நதி சட்லெஜ்ல வந்து விழற இடம் வரும், பாலத்துல பஸ் மெதுவா போகும், ரெண்டு தண்ணியும் வேற வேற நிறம். அதுக்கப்புறம் கா கிராமத்து வளைவுங்க, ஒரே மலைல மேல மேல பின்னிக்கிட்டு ஏறும், வயித்தப் புரட்டறவங்க காலைல லேசா சாப்பிட்டுட்டு ஏறுங்க. நாக்கோ 3,660 மீட்டர், பின்னாடி ரியோ புர்கியில் மலை. ஊருக்கு நடுவுல சின்ன ஏரி, சுத்தி வில்லோ மரம். ஏரிய ரெண்டு நிமிஷத்துல சுத்திட்டு 'இவ்வளவு தானா'ன்னு கேக்கறவங்கள பாத்திருக்கேன். நேரா மண் சுவர் வச்ச அந்தப் பழைய கோம்பாவுக்குப் போங்க, 11ம் நூற்றாண்டு காலத்தது, உள்ள இருட்டுல கண்ணு பழக ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுக்கப்புறம் சுவர் ஓவியம் ஒவ்வொண்ணா வெளிய வரும். 1975 ஜனவரி 19ம் தேதி வந்த நிலநடுக்கத்துல இந்தப் பக்கம் நிறைய சேதம், அதையும் தாண்டி நிக்குது. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது.

ஷிப்கி லா பக்கம் 2025 ஜூன்ல இருந்து நம்ம ஆளுங்கள விட ஆரம்பிச்சாங்க, ஆதார் கைல இருக்கணும், எல்லை நிலவரத்தப் பொறுத்து மாறும்ங்கறதால பியோல கலெக்டர் ஆபீஸ்ல கேட்டுட்டு கெளம்புங்க. மத்தபடி நமக்கு கின்னௌர்ல பர்மிட் எதுவும் வேணாம், வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு ஜங்கி கிராமத்த தாண்டினா பர்மிட் வேணும், அத பியோலயே வாங்கிக்கலாம்.

ஊர்ல எப்படி நடந்துக்கறது

தேவதா தான் அங்க எல்லாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவதா, அத தோள்ல சுமக்கற பல்லக்குல வச்சு தூக்கிட்டு வருவாங்க, சாமியாடி சொல்ற குறிய வச்சு ஊர் முடிவு எடுப்பாங்க, அவர 'க்ரோக்ச்'னு சொல்லுவாங்க. பல்லக்கு எதிர்ல வந்தா ஓரமா நின்னு செருப்ப கழட்டுங்க, தொடாதீங்க, செல்ஃபி வேணாம். கோவில் மேடை மேல ஏறறதுக்கு முன்னாடி கேளுங்க, சில எடத்துல வெளியாள் ஏறக் கூடாது, பெல்ட் பர்ஸ் மாதிரி தோல் சாமான் ஆகாது. செப்டம்பர்ல ஃபுலைச் திருவிழா ஊர் ஊரா வேற வேற தேதில நடக்கும், ஆளுங்க மலை உச்சிக்குப் போய் பூ பறிச்சுட்டு வந்து தேவதாவுக்குப் போடுவாங்க, அந்த வருஷம் வீட்டுல செத்தவங்கள நெனச்சு சாப்பாடு படைச்சு அழுவாங்க, அப்புறம் கை கோத்து ஆடுவாங்க. உங்களையும் இழுப்பாங்க, போங்க. பச்சை வெல்வெட் வச்ச தொப்பி ஆம்பள பொம்பள எல்லாருக்கும் ஒண்ணு தான், பொம்பளைங்க 'தோஹ்ரு'னு கம்பளிய புடவை மாதிரி சுத்திக்கிட்டு இருப்பாங்க. ஆள படம் எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. கீழ நமஸ்தே, நாக்கோ பக்கம் ஜூலே.

வீட்டுல காய்ச்சின சாராயம், திராட்சைலயும் ஆப்பிள்லயும் பாதாமிலயும் பண்ணுவாங்க, அன்பா ஊத்துவாங்க. குடிக்காதவங்க விரல் நுனிய தொட்டு நெத்திக்கிட்ட கொண்டு போய் நன்றி சொன்னா போதும், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சாப்பாடு ராஜ்மா சாதம், துக்பாங்கற நூடுல்ஸ் சூப், மோமோ, ரொட்டி. சைவம் எல்லா எடத்துலயும் கெடைக்கும்.

கைல வச்சுக்க வேண்டியது

காசு சிம்லாலயே எடுத்துக்கோங்க, பியோல ஏடிஎம் இருக்கு ஆனா சில சமயம் காலி, சித்குல் நாக்கோல போன் பேமென்ட்ட நம்பாதீங்க. பிஎஸ்என்எல் சிம் ஒண்ணு வீட்டுல இருந்தா எடுத்துட்டு வாங்க. சொந்த வண்டில வர்றவங்க பியோவுக்குக் கீழ ஹைவேல இருக்கற போவாரில டேங்க ரொப்பிடணும், அதுக்கு மேல காஸா வரைக்கும் நம்பிக்கையா பம்ப் இல்ல. ஸ்வெட்டர் ஒண்ணு பெருசா வேணாம், மெல்லிசா மூணு அடுக்கு போட்டுக்கோங்க, குல்லா, சன்ஸ்கிரீன், டார்ச். உயரத்துல வர்ற தலைவலி, மயக்கத்துக்குன்னு சொல்ற டயாமாக்ஸ் மாத்திரை வேணுமான்னு கெளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டர் கிட்ட கேளுங்க, கடைல வாங்கி நீங்களா போட வேணாம். தலைவலி, வாந்தி, நடை தள்ளாடுது, இதுல ஏதாவது வந்தா மறுநாள் பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, கீழ எறங்குங்க, நாக்கோல இருந்து பூவுக்கு எறங்கினாலே வித்தியாசம் தெரியும்.

நைட்டு பயணம் கூடாது. மேல் கின்னௌர்ல மத்தியானத்துக்கு மேல காத்து அடிச்சா மொட்டை மலைல இருந்து கல்லு உருளும், அதனால காலைல கெளம்பி ரெண்டு மணிக்குள்ள சேந்துடற மாதிரி வச்சுக்கோங்க. ரோடு அடைபட்டா பதறாதீங்க, ஜேசிபி வரும், ஊர்க்காரங்க ரெண்டு பக்கமும் எறங்கி டீ போட்டுக் குடிப்பாங்க, சில சமயம் இந்தப் பக்க பஸ்ஸ விட்டு நடந்து தாண்டி அந்தப் பக்க பஸ்ல ஏறணும், பை தூக்கி நடக்கற அளவுக்கு லேசா இருக்கணும். ரிட்டர்ன் டிக்கெட்டுக்கு முன்னாடி ரெண்டு நாள் சும்மா விட்டு வைங்க. அந்த ரெண்டு நாளும் ரோடு திறந்தே இருந்துச்சுன்னா கல்பாவுக்கே திரும்பிப் போங்க, அக்டோபர்னா தோட்டத்துல பெட்டி கட்டிக்கிட்டு இருப்பாங்க, கூட நின்னு பேப்பர் மடிச்சுக் குடுத்தீங்கன்னா சாயங்காலம் பை நெறைய ஆப்பிளோட தான் அனுப்புவாங்க.